என்பிஏ முகாம்கள் யாரைத் தேடுகின்றன? மடத்துக்குளத்து மாணவருக்கு அங்கே போக வழி இருக்கிறதா?

மடத்துக்குளம், உடுமலை பக்கம் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறடியைத் தொடும் பையன் இருந்தால், பார்ப்பவர்கள் முதலில் சொல்வது, "நல்ல உயரம், போலீஸுக்கு எடுத்துக்குவாங்க" என்பதுதான். பள்ளியில் பி.டி. சார் பார்த்தால் வாலிபால் பக்கமோ பாஸ்கெட்பால் பக்கமோ கூப்பிடுவார். இப்போது செல்போனும் ஒரு வழி காட்டுகிறது. சர்வதேச பாஸ்கெட்பால் கேம்ப், அமெரிக்க ஸ்கவுட், காலேஜ் ஸ்காலர்ஷிப், என்பிஏ என்று வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

மில்லில் ஷிப்ட் பார்க்கும் அப்பாவுக்கும், பனியன் கம்பெனிக்குப் போகும் அம்மாவுக்கும் இதில் எது நிஜம், எது வெறும் விளம்பரம் என்று எப்படித் தெரியும்? பிள்ளைக்கு 13, 14 வயதிருக்கும்போதே முடிவெடுக்க வேண்டியிருப்பதால், தவறினால் பணத்தோடு படிப்பும் போகும்.

இந்த முகாம்கள் என்ன, உள்ளே என்ன நடக்கிறது, இந்தியாவில் இருந்து யார் போனார்கள், கொங்கு மண்டலத்துச் சிற்றூரில் இருக்கும் ஒருவர் எங்கே தொடங்கலாம் என்று பார்ப்போம்.

எத்தனை வகை முகாம்கள் இருக்கின்றன?

'கேம்ப்' என்ற ஒரே சொல்லால் நான்கு வேறு விஷயங்களைக் குறிப்பிடுகிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

1. அழைப்பு முகாம்: இங்கே யாரும் பணம் கட்டிச் சேர முடியாது. தேர்வு செய்து அழைப்பார்கள். என்பிஏவும் உலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவும் சேர்ந்து நடத்தும் 'பாஸ்கெட்பால் வித்தவுட் பார்டர்ஸ்' இந்த வகை. சில நாட்களில் முடிந்துவிடும். 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது.

2. தங்கிப் படிக்கும் அகாடமி: ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி பள்ளிப் படிப்பும் பயிற்சியும் பெறுவது. 2017-ல் டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் தொடங்கப்பட்ட 'என்பிஏ அகாடமி இந்தியா' இதற்கு உதாரணம்.

3. காட்சி ஆட்டம்: உலகின் பல நாட்டு இளைஞர்களை ஒரே அணியாக்கி, அமெரிக்க இளைஞர் அணியோடு மோத விடுவது. 'நைக் ஹூப் சம்மிட்' இப்படித்தான் 1995-ல் தொடங்கியது. கேலரியில் ஸ்கவுட்கள் நோட்டும் பேனாவுமாக இருப்பார்கள்.

4. கட்டண முகாம்: பணம் கட்டினால் யாரும் சேரலாம். நல்ல கோச் இருந்தால் பயிற்சியும் நன்றாகவே கிடைக்கும். ஆனால் இதில் சேர்ந்ததையே 'தேர்வானது' என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முதல் மூன்றிலும் திறமையைப் பார்த்து அவர்கள்தான் நம்மைத் தேர்வு செய்கிறார்கள். நான்காவதில் முகாமைத் தேர்வு செய்வது நாம்.

ஒரு போருக்குப் பிறகு பிறந்த முகாம்

'பாஸ்கெட்பால் வித்தவுட் பார்டர்ஸ்' திறமையைத் தேடுவதற்காக மட்டும் தொடங்கியது இல்லை. 1990-களில் யூகோஸ்லாவியா உள்நாட்டுப் போரில் உடைந்தது. அதுவரை ஒரே நாட்டு அணியில் ஆடிய செர்பியாவின் விளாடே டிவாச், குரோஷியாவின் டோனி குகோச் போன்ற நட்சத்திரங்கள் எதிரெதிர் நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

2001 ஜூலையில் இத்தாலியின் ட்ரெவிசோ நகரில் அந்தப் பகுதிகளைச் சேர்ந்த பிள்ளைகளை ஒரே மைதானத்தில் சேர்த்து முகாம் நடத்தினார்கள். டிவாச், குகோச் இருவரும் அதில் பங்கேற்றார்கள். எந்த நாட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் அணிகளைக் கலந்து பிரித்தார்கள். இன்றும் இந்த முகாம்களில் அப்படித்தான்.

பிறகு ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கக் கண்டங்கள் என்று முகாம் பரவியது. 2015 முதல் என்பிஏ ஆல்-ஸ்டார் வார இறுதியை ஒட்டி, உலகம் முழுவதற்குமான 'குளோபல் கேம்ப்' ஒன்றும் நடக்கிறது. இந்த முகாம்களுக்கு வந்துபோனவர்களில் 100 பேருக்கும் மேல் பிற்காலத்தில் என்பிஏ அணிகளுக்குப் போயிருக்கிறார்கள்.

இந்தியாவிலும் இந்த ஆசிய முகாம் நடந்திருக்கிறது. 2008-ல் டெல்லியிலும், 2017, 2018-ல் கிரேட்டர் நொய்டாவிலும் நடத்தினார்கள்.

உள்ளே என்னதான் நடக்கும்?

முதல் வேலை அளவெடுப்பது. உயரத்தோடு முடியாது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் விரல் நுனியில் இருந்து விரல் நுனி வரை எவ்வளவு, நின்றபடி கையைத் தூக்கினால் எவ்வளவு எட்டுகிறது, எவ்வளவு உயரம் எம்பிக் குதிக்க முடிகிறது என்று எல்லாம் பதிவாகும். வளையம் தரையில் இருந்து 3.05 மீட்டர், அதாவது பத்தடி உயரத்தில் இருக்கிறது. அதனால் கை நீளத்துக்கு இங்கே மதிப்பு அதிகம்.

அடுத்தது ஸ்டேஷன்கள். மைதானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஓர் இடத்தில் ஷூட்டிங், ஓர் இடத்தில் டிஃபன்ஸ், இன்னொன்றில் பந்தைக் கையாளுதல் என்று சுழற்சி முறையில் பயிற்சி நடக்கும். சொல்லிக்கொடுப்பவர்கள் என்பிஏ, டபிள்யூஎன்பிஏ கோச்களும் வீரர், வீராங்கனைகளும்.

பிறகு ஆட்டங்கள். நேற்றுவரை முகம் தெரியாத, மொழி தெரியாத நாலு பேரோடு ஓர் அணியாக இறங்கி ஆட வேண்டும். ஸ்கவுட்கள் கூர்ந்து பார்ப்பது இதைத்தான். 'நம்ம ஊர்ல நான்தான் டாப்' என்று இருந்த பையன், தன்னைவிட உயரமான பத்துப் பேருக்கு நடுவே என்ன செய்கிறான்? பந்து கையில் இல்லாதபோது எங்கே நகர்கிறான்? தப்பு செய்த அடுத்த நொடி தலையைத் தொங்கப்போடுகிறானா, திரும்பி ஓடி டிஃபன்ஸ் செய்கிறானா? கோச் ஒருமுறை சொன்னதை அடுத்த முறை செய்து காட்டுகிறானா?

மைதானத்துக்கு வெளியிலும் வகுப்புகள் உண்டு. உணவு, தூக்கம், தலைமைப் பண்பு, படிப்பு பற்றிப் பேசுவார்கள். கடைசி நாளில் சிறந்த வீரர், வீராங்கனை விருதுகள் தருவார்கள்.

அப்போ, சில நாள் முகாமில் ஒருவர் பெரிய ஆட்டக்காரர் ஆகிவிட முடியுமா? முடியாது. அடிப்படை ஆட்டம் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். இருக்கும் ஆட்டத்தைச் சரியான கண்களுக்கு முன்னால் காட்டுவதற்குத்தான் முகாம்.

வாழ்க்கை மாறிய இருவர்

முகாம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு கேமரூன் நாட்டின் இருவரைச் சொல்லலாம்.

ஜோயல் எம்பீட் சிறுவயதில் வாலிபால் ஆடியவர். பாஸ்கெட்பாலுக்கு வந்தபோது வயது சுமார் 15. அதே நாட்டைச் சேர்ந்த என்பிஏ வீரர் லுக் எம்பா அ மூட்டே சொந்த ஊரில் நடத்திய முகாமில் எம்பீட் கவனம் பெற்றார். 2011-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த 'வித்தவுட் பார்டர்ஸ்' முகாமுக்குப் போனார். அங்கிருந்து அமெரிக்காவில் பள்ளி, பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகம். 2014 டிராஃப்டில் மூன்றாவது இடத்தில் ஃபிலடெல்ஃபியா அணிக்குத் தேர்வானார். 2023-ல் என்பிஏவின் மிக மதிப்புமிக்க வீரர் விருது பெற்றார்.

பாஸ்கல் சியாக்கம் 2012-ல் அதே தென்னாப்பிரிக்க முகாமுக்குப் போனவர். 2016 டிராஃப்டில் 27-வது இடம். 2019-ல் டொரன்டோ ராப்டர்ஸ் கோப்பை வென்றபோது அந்த அணியின் முக்கிய வீரர் அவர்.

எம்பீட் தாமதமாகத் தொடங்கி வேகமாக மேலே போனவர்தான். ஆனாலும் முகாமுக்கும் டிராஃப்டுக்கும் நடுவே அவருக்கு மூன்று ஆண்டு பள்ளி, கல்லூரி ஆட்டம் இருந்தது. சியாக்கமுக்கு நான்கு ஆண்டுகள்.

காட்சி ஆட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. 1998 ஹூப் சம்மிட்டில் உலக அணிக்காக இறங்கிய ஜெர்மனியின் டிர்க் நோவிட்ஸ்கி 33 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆண்டே என்பிஏவுக்குப் போய், 2011-ல் டாலஸ் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

இந்த வழிகளின் பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. 2024-25 சீசன் தொடக்கத்தில் என்பிஏ அணிகளில் 43 நாடுகளைச் சேர்ந்த 125 வெளிநாட்டு வீரர்கள் இருந்தார்கள். 2019 முதல் 2025 வரை மிக மதிப்புமிக்க வீரர் விருதை அமெரிக்காவில் பிறந்த ஒருவர்கூட வாங்கவில்லை.

இந்தியாவில் இருந்து யார் போனார்கள்?

முதல் பெயர் சத்னாம் சிங். பஞ்சாபின் பல்லோ கே என்ற சிறு கிராமத்து விவசாயி மகன். சுமார் பத்து வயதில் லூதியானா பாஸ்கெட்பால் அகாடமி விடுதியில் சேர்ந்தார். அங்கே கோச் சங்கரன் சுப்பிரமணியனிடம் பயிற்சி பெற்றார். 2010-ல் ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். ஏழடி இரண்டு அங்குல உயரம். 2015 ஜூனில் டாலஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-வது இடத்தில் தேர்வு செய்தது. இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் வீரர் அவர்தான்.

ஆனால் என்பிஏ சீசன் ஆட்டத்தில் அவருக்கு இறங்க வாய்ப்பு கிடைக்கவில்லை. அடுத்த நிலை லீக்கில் ஆடினார். பின்னர் ஊக்கமருந்து சோதனையில் சிக்கி இரண்டு ஆண்டு தடை பெற்றார். இளம் வீரர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு: கடையில் விற்கும் சப்ளிமென்ட் பவுடரை டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

இரண்டாவது பெயர் பிரின்ஸ்பால் சிங். பஞ்சாபின் குர்தாஸ்பூரைச் சேர்ந்தவர். இவரும் லூதியானா அகாடமியில் வளர்ந்தவர். பிறகு என்பிஏ அகாடமி இந்தியா, அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருந்த என்பிஏ குளோபல் அகாடமி. 2020-ல் 'ஜி லீக் இக்னைட்' அணியில் ஒப்பந்தமானார். 2021-ல் லாஸ் வேகஸ் சம்மர் லீக் கோப்பையை வென்ற சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் இருந்தார்.

பெண்களில் பெங்களூருவின் சஞ்சனா ரமேஷ், பஞ்சாபின் ஹர்சிம்ரன் கவுர் இருவரும் என்பிஏ அகாடமி திட்டங்களில் பயிற்சி பெற்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப்பில் போனார்கள். சஞ்சனா நார்தர்ன் அரிசோனாவுக்கும், ஹர்சிம்ரன் சான் டியாகோவுக்கும் சென்றார்கள்.

2015-ல் சாக்ரமென்டோ அணிக்காக ஆடிய சிம் புல்லர் இந்திய வம்சாவளிதான், ஆனால் கனடாவில் பிறந்தவர். இந்தியாவில் பிறந்த ஒருவர் என்பிஏ சீசன் ஆட்டத்தில் இதுவரை இறங்கியதில்லை.

சத்னாம், பிரின்ஸ்பால் இருவருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கண்கள் அவர்களைப் பார்ப்பதற்கு முன்பே, லூதியானாவில் ஒரு விடுதி அவர்களைச் சேர்த்துக்கொண்டு, சாப்பாடு போட்டு, ஆண்டுக்கணக்கில் ஆட வைத்தது.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

கூடைப்பந்தில் தமிழ்நாடு சளைத்த மாநிலம் இல்லை. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாடு ஆண்கள் அணி இறுதி ஆட்டத்தில் பஞ்சாபை வென்று சாம்பியன் ஆனது. சென்னையின் அனிதா பால்துரை இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்தவர். ஒன்பது ஆசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடிய அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சின்ன ஊர்களிலும் இந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் அதிகம். தேனி மாவட்டம் பெரியகுளத்திலும், கரூரிலும், கோவையிலும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டிகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. இந்தியன் வங்கி, ஐஓபி, ரயில்வே, ராணுவ அணிகள் வந்து ஆடுவதை ராத்திரி நேரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் ஏராளம்.

அந்த அணிகளின் பெயர்களே தமிழ்நாட்டு ஆட்டக்காரரின் பாதையைச் சொல்லிவிடும். இங்கே பாஸ்கெட்பால் என்றால் பெரும்பாலும் கல்லூரி இடம், பிறகு வங்கி, ரயில்வே, போலீஸ் வேலை. அனிதாவும் தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர்தான். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். என்பிஏ டிராஃப்டில் ஆண்டுக்கு, உலகம் முழுவதற்கும் சேர்த்து, அதிகபட்சம் 60 பேர்தான் தேர்வாகிறார்கள். மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டத்தால் ஒரு பட்டமும் நிரந்தர வேலையும் கிடைத்தால் அந்தக் குடும்பமே ஒரு படி மேலே போகும்.

மடத்துக்குளத்தில் இருந்தால் எங்கே தொடங்குவது?

முதல் சிக்கல் தூரம். மாவட்டத் தலைநகர் திருப்பூர். மடத்துக்குளத்தில் இருந்து உடுமலை, பல்லடம் வழியாக பஸ்ஸில் போய் வரவே பாதி நாள் ஆகிவிடும். பக்கத்தில் இருக்கும் பழனியோ திண்டுக்கல் மாவட்டம். தினமும் பயிற்சிக்குப் போய் வர வழி இல்லாத ஊரில், விடுதிதான் நடைமுறையில் சாத்தியமான வழி.

படிகள் இவை:

• பள்ளி அணி: முதலில் பி.டி. ஆசிரியரைப் பாருங்கள். குறுமையம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று போகும் பள்ளிப் போட்டிகளில் பெயர் பதிவாக வேண்டும். இந்தச் சான்றிதழ்கள்தான் பின்னாளில் எல்லா இடத்திலும் கேட்கப்படும்.

• முதலமைச்சர் கோப்பை: பள்ளிப் பிரிவில் கூடைப்பந்தும் உண்டு. மாவட்ட அளவில் நன்றாக ஆடினால் மாநில அளவுக்குப் போகலாம்.

• கோடைகாலப் பயிற்சி முகாம்: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடை விடுமுறையில் மாவட்டந்தோறும் நடத்துகிறது. தேதிகளை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

• விளையாட்டு விடுதி: அதே ஆணையத்தின் விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ம் வகுப்பு சேர்க்கையின்போது தேர்வு நடக்கும். தங்குமிடம், சத்தான உணவு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. பள்ளிப் படிப்பும் தொடரும். விண்ணப்பம் ஆன்லைனில், கோடை தொடங்கும்போதே கவனிக்க ஆரம்பிக்க வேண்டும்.

• மாவட்ட, மாநில சங்க அணிகள்: ஜூனியர், யூத் பிரிவு மாநில அணியில் இடம் பிடித்தால் தேசியப் போட்டி. அங்கேதான் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தின் தேர்வாளர்கள் பார்ப்பார்கள். அழைப்பு முகாம்களுக்கான பெயர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கவனத்துக்கு வரும்.

உடுமலை அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி இன்னொரு வாய்ப்பு. அங்கே 6, 9-ம் வகுப்புகளுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. தினசரி விளையாட்டு அந்தப் பள்ளி வாழ்க்கையின் ஒரு பகுதி.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: பிறந்த தேதி. பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு, ஆதார், பாஸ்போர்ட் நான்கிலும் ஒரே தேதி இருக்க வேண்டும். வயதைக் குறைத்துக் காட்டினால் இன்று ஒரு கோப்பை கிடைக்கலாம். சர்வதேச வயதுப் பிரிவுக்குப் போகும்போது அதுவே தடையாக வந்து நிற்கும்.

அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

ஆட்டம் மட்டும் போதாது. என்சிஏஏ முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆட, பள்ளி மேல்வகுப்புகளில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் போன்றவற்றில் மொத்தம் 16 முக்கியப் பாடங்களை முடித்து, குறைந்தபட்ச மதிப்பெண்ணும் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் வகுப்பைப் பின்தொடரவும் முடிய வேண்டும். எனவே 'கேம்ப் இருக்கு, ஸ்கூலை விட்டுடு' என்று யாராவது சொன்னால், அந்த அமெரிக்க வழியை அவர் மூடச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம்.

பணம் கேட்டால் என்ன செய்வது?

தனியார் கோச் பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவது தப்பில்லை. எதற்காக வாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. பணம் கட்டும் முன் இந்த நான்கையும் கேளுங்கள்:

• 'செலக்‌ஷன் கேரண்டி' என்கிறார்களா? என்பிஏ டிராஃப்டில் 30 அணிகள்தான் முடிவெடுக்கின்றன. அந்த இடத்தை வேறு யாராலும் விற்க முடியாது.

• என்பிஏ, ஃபிபா பெயரைப் பயன்படுத்துகிறார்களா? அப்படியானால் அந்த அமைப்புகளின் அதிகாரப்பூர்வ தளத்தில் இந்த முகாம் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்திடமோ மாநில சங்கத்திடமோ விசாரியுங்கள்.

• யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கோச் பெயர், அவரது தகுதி, ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதைக் கேளுங்கள். வெறுமனே 'ஃபாரின் கோச்' என்றால் போதாது.

• கையெழுத்து கேட்கிறார்களா? 18 வயதுக்கு உட்பட்டவர் போடும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. அதனால் பெற்றோரிடம் கேட்பார்கள். ஏஜென்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் பின்னாளில் அமெரிக்கக் கல்லூரியில் ஆடும் தகுதிக்கே சிக்கல் வரலாம். வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் போட வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி: பையனுக்கு உயரம் இல்லையே, அவ்வளவுதானா?

இல்லை. பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்தும் கார்டு இடத்துக்கு வேகம், பார்வை, பாஸ் செய்யும் திறன்தான் முக்கியம். ஆறடிக்குக் குறைவானவர்கள்கூட என்பிஏவில் ஆடியிருக்கிறார்கள். 13 வயதில் குள்ளமாக இருப்பவர் 17-ல் வளரவும் வாய்ப்பு உண்டு. அதேபோல, 13 வயதில் எல்லோரையும்விட உயரமாக இருப்பவரின் வளர்ச்சி அங்கேயே நிற்கவும் கூடும். அதனால் இந்த வயதில் உயரத்தை மட்டும் நம்பி ஒருவரைச் சேர்ப்பதும் கழிப்பதும் சரியில்லை.

எனவே, சர்வதேச முகாம் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டியதில்லை. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் கோடையில் விளையாட்டு விடுதித் தேர்வு எந்தத் தேதியில் நடக்கிறது என்பதைத்தான்.